நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்து டிவி

என் வீட்டு டிவி தானாக நின்றுபோகவில்லை. என் கொழுந்தன்தான் அதை நிறுத்தினான். நிறுத்திவிட்டு, போர்டு போய்விட்டது என்று என் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னான். ஒரு தடவை இல்லை. கேட்டபோதெல்லாம் சொன்னான்.

அவனிடமே இதைக் கேட்டுவிட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குள் போய்விட்டான். தலையாட்டினால் பதில் சொன்னதாக ஆகாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் மேட்டுப்பட்டிப் பக்கம் என் மாமனார் கட்டிய வீடு எங்களுடையது. அவர் போன பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். கிழக்குப் பாதி எங்களுக்கு. மேற்குப் பாதியில் கொழுந்தன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். நடுச்சுவர் ஒற்றைக் கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். எங்கள் டிவியை அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தோம். மாட்டியதும் கொழுந்தன்தான். அவன் வயரிங் வேலை பார்க்கிறவன். எங்கள் வீட்டில் ஒரு ஸ்விட்ச்கூட அவன் கை படாதது கிடையாது.

என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் இருந்தார். தக்காளிப் பெட்டிக்கும் கேரளா லாரிக்கும் நடுவில் நின்று கத்திக் கத்தியே காது மந்தமாகிவிட்டது. பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவி, சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் டிவியைப் போடுவார். சத்தம் தெருமுனை வரைக்கும் போகும்.

"செத்த கொறைச்சு வச்சாத்தான் என்னவாம்?" என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன்.

"கொறைச்சா எனக்கு எப்புடிடி கேக்கும்?"

"ஒங்களுக்குக் கேக்கணும்னு தெருவே கேக்கணுமா?"

"கேக்கட்டும். ஓசிதானே."

இப்படித்தான் எங்கள் சாயங்காலங்கள் போயின. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் முழங்கால் போகும்வரை நூல் மில்லில் கோன் சுற்றுகிற மெஷின் ஓட்டினேன். அந்த ஓசையிலேயே இருந்துவிட்டு வந்தவள். வாயால் அவரைத் திட்டினேனே தவிர, டிவி சத்தம் எனக்கு ஒரு தொந்தரவே இல்லை. சத்தம் இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

பொங்கல் முடிந்த வாரம், நெஞ்சு கரிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்து முதல் காரியமாக டிவியை மூடினாள். துக்க வீட்டில் டிவி போடக்கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் உள்ள வழக்கம். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்கிற வித்தியாசம் இதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடச் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பார்கள். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அந்தப் போர்வையை நான் தொடவில்லை.

பூசை முடிந்தது. பிரியாணி தின்றுவிட்டு எல்லாரும் அவரவர் ஊருக்குப் போனார்கள். என் அண்ணன் பஸ் ஏறும்போது, "தைரியமா இரு ஆத்தா" என்றான். தைரியத்துக்கு என்ன குறை? நான் யாருக்கும் பயந்தவள் இல்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நின்ற பிறகு நான் தண்ணீர் குடித்தால் தொண்டையில் இறங்குவது எனக்கே கேட்டது. மனுஷி தன் தொண்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்?

போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு டிவியைப் போட்டேன். அவர் கடைசியாக வைத்திருந்த சத்தத்திலேயே அது பேச ஆரம்பித்தது. நான் பார்க்கவில்லை. எனக்கு அது பேசினால் போதும். அது பாட்டுக்குப் பேசியது, நான் என் பாட்டுக்கு வெங்காயம் உரித்தேன்.

மறுநாளே ஓரகத்தி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, டிவி போட்டிருக்கீங்களா?"

"காதுல விழுகுதுல்ல, அப்புறம் என்ன கேள்வி?"

"அதுக்கில்லக்கா. பெரியத்தான் போயி இன்னும் வருசம் திரும்பல. தெருவுல ஒரு மாதிரிப் பேசுறாங்க."

"யாரு பேசுறா?"

"பேரெல்லாம் எதுக்கு. பொதுவாப் பேசுறாங்க."

"அந்தப் பொதுவாவ இங்க வரச் சொல்லு. நான் காபி போட்டுத் தாரேன், ஒக்காந்து பேசட்டும்."

அவள் சிரிக்கவில்லை. போய்விட்டாள்.

எங்கள் சர்ச் பங்கில் அன்பியம் என்று ஒன்று உண்டு. தெருவில் உள்ள குடும்பங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டில் கூடி, பாட்டுப் பாடி, பைபிள் வாசித்து, மன்றாட்டுச் சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைவது. எங்கள் அன்பியத்துக்குக் கொழுந்தன்தான் பொறுப்பாளர். அந்த வாரக் கூட்டத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஒரு மன்றாட்டுச் சொன்னான். துக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் உலகத்துச் சத்தங்களை விட்டுவிட்டு ஆண்டவருடைய குரலைக் கேட்கவேண்டும் என்று. கண்ணை மூடியிருந்தது அவன் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சத்தமாகவே சொன்னேன். வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டேன்.

தவக்காலம் தொடங்கிய பிறகு, வத்தலக்குண்டில் என் அண்ணன் வீட்டுக்குப் போய் சில நாள் இருந்தேன். முனிசிபாலிட்டித் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் பிடித்து வைக்கட்டும் என்று சாவியை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது குடங்களும் டிரம்மும் நிறைந்திருந்தன. நன்றாகத்தான் பிடித்து வைத்திருந்தாள். டிவியைப் போட்டேன். வரவில்லை. கீழே ஓரத்தில் எப்போதும் எரிகிற சிவப்புப் பொட்டு விளக்கும் இல்லை.

கொழுந்தனைக் கூப்பிட்டேன். டெஸ்டரோடு வந்தான். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினான். பின்பக்கம் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான்.

"நீங்க இல்லாதப்ப கரண்டு ஏறி எறங்குச்சு மதினி. போர்டு போயிருச்சு."

"மாத்த முடியாதா?"

"இந்த மாடலுக்கு இப்ப போர்டு வாரதில்ல. விசாரிக்கிறேன். தவக்காலம்தானே, எப்படியும் பாக்கப் போறதில்லையே. ஈஸ்டர் போகட்டும்."

நம்பினேன். காய்ச்சலுக்கு டாக்டர் சொல்வதை நம்புகிற மாதிரி, கரண்ட் விஷயத்தில் அவன் சொல்வதை இந்தக் குடும்பமே நம்பும். ஈஸ்டர் போனது. "மே மாசம் மாதா மாசம் மதினி. சாயங்காலம் செபமாலையே சரியா இருக்கும், டிவி எதுக்கு?" என்றான். மாதா மாதமும் போனது. கோயம்புத்தூரில் சொல்லிவைத்திருக்கிறேன் என்றான். ஓரகத்தி ஒருபடி மேலே போனாள். "பெரியத்தான் ஆத்மாவுக்கே பிடிக்கல போலக்கா, அதான் நின்னுருச்சு" என்றாள். காது கேட்காத அந்த மனுஷன், டிவி சத்தத்துக்காக என்னோடு ஒரு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர், செத்த பிறகு அதை நிறுத்த வந்தாராம்.

இந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஒரு டிவிக்கு இவள் ஏன் இத்தனை பேசுகிறாள் என்று தோன்றும்.

காலையில் பூசைக்குப் போவேன். வந்து சோறு வைப்பேன். ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்க எனக்குக் கை வரவில்லை. பழைய அளவிலேயே வைத்துவிட்டு அதையே மூன்று வேளையும் ஊற்றிக்கொள்வேன். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைப்பதை விட்டுவிட்டேன். பகல் எப்படியோ போய்விடும். தெருவில் உப்பு விற்கிறவன், கோலமாவு விற்கிறவன், யாராவது கத்திக்கொண்டு போவார்கள். சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் கதவு சாத்துவார்கள். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வரும். கொழுந்தன் வீட்டு டிவி.

ஆமாம். அவர்கள் வீட்டில் டிவி ஓடியது. செத்தது அவனுடைய சொந்த அண்ணன். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். துக்கம் இரண்டு பாதிக்கும் பொதுதான். ஆனால் வருஷம் திரும்பும்வரை டிவி கூடாது என்கிற சட்டம் நடுச்சுவருக்குக் கிழக்கே மட்டும் செல்லும்போல. அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார்கள். தெருவுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நான் நாற்காலியை இழுத்துச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டேன். பிறகு சுவரில் காதையே வைத்தேன். எழுந்திருக்கும்போது காதிலும் முடியிலும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். ஒரு சீரியலை முழுக்க அப்படித்தான் கேட்டேன். யார் முகமும் எனக்குத் தெரியாது. பொய் சொல்வதற்கு முன்னால் பெருமூச்சு விடுகிற ஒரு மாமியார். எதற்கெடுத்தாலும் கதவைப் படாரென்று சாத்துகிற ஒரு மகன். வார்த்தை பாதிதான் வந்து சேரும். மீதியை நானே போட்டுக்கொள்வேன். ஒருநாள் அங்கே ஏதோ வேடிக்கையாக நடந்திருக்கவேண்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நானும் இந்தப் பக்கம் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உடனே அந்தப் பக்கம் எல்லாம் அடங்கிவிட்டது. டிவி சத்தமும் இன்னும் குறைந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில், என் நாற்காலியில், திருடியைப்போல.

ஆடி மாதம் காற்று ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் காற்று வாசலில் காயப்போட்ட சேலையை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போடும். ஒரு சாயங்காலம் கம்பிகள் உரசி, கரண்ட் நிஜமாகவே ஏறி இறங்கியது. பல்பு வெள்ளையாகப் பளீரென்று எரிந்து, மஞ்சளாகிச் சுருங்கி, அணைந்து, திரும்ப வந்தது. ஃபிரிட்ஜ் உறுமியது. நான் போய் அதைத் தடவிப் பார்த்தேன். ஓடியது. என் கல்யாணத்துக்குக் கொஞ்சம் பின்னால் வாங்கிய கிழட்டு ஃபிரிட்ஜ் அது. அந்தப் பக்கத்து டிவியும் திரும்பப் பேச ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே கம்பத்திலிருந்து ஒரே ஒயர் எங்கள் இரண்டு பாதிக்கும் வருகிறது. நான் ஊரில் இல்லாதபோது ஏறி இறங்கிய கரண்ட், என் டிவியின் போர்டைக் கொன்றது. என் கிழட்டு ஃபிரிட்ஜை விட்டுவிட்டது. பக்கத்துப் பாதியில் இருக்கிற டிவியையும் விட்டுவிட்டது. என் டிவியை மட்டும் பேர் சொல்லித் தேடி வந்ததா அது?

மில்லில் ஒரு பழக்கம் உண்டு. கோன் நின்றால் மெஷினைத் திட்டமாட்டோம். நூல் எங்கிருந்து வருகிறது என்று அடியிலிருந்து பார்த்துக்கொண்டே போவோம். அறுந்த இடம் எங்காவது இருக்கும். அதே மாதிரி பார்த்தேன். டிவி சொருகியிருந்த பிளக்கில் செல்போன் சார்ஜரைச் சொருகினேன். சார்ஜ் ஏறியது. அப்படியானால் சுவர் வரைக்கும் கரண்ட் இருக்கிறது. டிவிக்குப் பின்னால் சொருகுகிற ஒயரைக் கழற்றினேன். அதே மாதிரி முனை உள்ள ஒயர் பழைய டேப்ரிக்கார்டரில் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு விளக்கு வரவில்லை. ஒயரை மாற்றியும் வரவில்லை என்றால் கோளாறு பெட்டிக்குள்ளேதான்.

பேகம்பூர் போகிற வழியில் டிவி ரிப்பேர் கடை ஒன்று இருக்கிறது. போன் போட்டேன். வீட்டுக்கு வர ஆள் இல்லை, தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். கொழுந்தன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆட்டோ கூப்பிட்டேன். டிவியை இறக்க டிரைவரும் ஒரு கை கொடுத்தான். அந்த வெள்ளைப் போர்வையிலேயே சுற்றிப் பின் சீட்டில் நிறுத்தி, நான் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னக்கா, பொணத்துக்குப் போத்துன மாதிரி போத்தியிருக்கீங்க," என்றான் டிரைவர்.

"உசுரு இருக்கான்னு பாக்கத்தான் கொண்டு போறேன். பள்ளத்துல விடாம ஓட்டு."

அவன் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினான்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாத ஆள். கடை முழுக்க டிவிகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன. என்னுடையதை மேஜையில் மெத்தை விரித்துக் குப்புறப் போட்டார். முதலில் குனிந்து பின்பக்க ஓட்டைகளை மோந்து பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"பல்லி செத்திருந்தா நாறும்க்கா. போர்டு கருகியிருந்தா அது ஒரு வாடை. பாதி டிவிய நான் மூக்காலயே ரிப்பேர் பாத்துருவேன்."

"இதுல என்ன வாடை?"

"ஒண்ணுமில்ல. ஊதுபத்தி வாடைதான் வருது. வீட்டுல விசேசமா?"

"வீட்டுக்காரரு தவறிட்டாரு."

"அல்லா. தெரியாமக் கேட்டுட்டேன்க்கா, மன்னிச்சுக்கங்க." ஸ்க்ரூக்களைக் கழற்றினார். பின்மூடியைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். "இதுக்கு முன்னாடி யாரு பாத்தது?"

"என் கொழுந்தன். வயரிங் வேலை செய்றவன்."

"தெறந்து பாத்தாரா?"

"என் முன்னாடி தெறக்கல. பின்னாடி லைட்டு அடிச்சுப் பாத்துட்டு போர்டு போச்சுன்னு சொன்னான்."

"இங்க வாங்கக்கா."

உள்ளே இரண்டு பச்சைப் பலகைகள் இருந்தன. ஒன்று கரண்டை வாங்கிக் கொடுப்பது, மற்றது டிவியை ஓட்டுவது என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கொத்து ஒயர் போகவேண்டும். அது போகவில்லை. ஓட்டுகிற பலகையின் பக்கம் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, எதிலும் இடிக்காமல் ஓரமாக மடித்துப் படுக்க வைத்திருந்தது. அவர் மீட்டரை எடுத்துக் கரண்ட் பலகையில் வைத்துப் பார்த்தார்.

"வோல்ட்டு சரியா வருது. போர்டுக்கு ஒண்ணுமே ஆகல."

"ஒயரு தானா கழண்டிருக்குமா?"

"இதுல லாக் இருக்கு. அமுக்கிப் புடிச்சு இழுத்தாத்தான் வரும். சரி, ஆட்டத்துல கழண்டுச்சுன்னே வைங்க. தானா கழண்டது தானா டேப்பு சுத்திக்குமா?"

நான் அந்த டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி முடித்த இடத்தில் நுனியைக் கொஞ்சம் உள்பக்கம் மடித்து, நாக்குமாதிரி நீட்டி விட்டிருந்தது. பிறகு பிரிக்க வசதியாக. இந்த மடிப்பை நான் என் வீடு முழுக்கப் பார்த்திருக்கிறேன். காலிங் பெல்லில், மோட்டார் ஒயரில், வருஷா வருஷம் கட்டுகிற கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில். "மத்தவன் பிச்சு எடுக்கிற மாதிரி சுத்துவான், நான் பிரிக்கிற மாதிரி சுத்துவேன்" என்று கொழுந்தன் பெருமையாகச் சொல்வான்.

ஆத்திரத்தில் உடைத்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். இவன் உடைக்கவில்லை. பத்திரமாகக் கழற்றி, கெட்டுப்போகாமல் கட்டி வைத்திருந்தான். ஒருநாள் திரும்பச் சொருகலாம் என்று. அந்த நாள் எது என்று அவன் முடிவு செய்வான். அதுவரைக்கும் நான் இருட்டில் கிடக்கும் பாத்திரம் மாதிரி இருக்கவேண்டும்.

கடைக்காரர் டேப்பைப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டு ஒயரைச் சொருகினார். நிமிர்த்தி வைத்துக் கரண்ட் கொடுத்தார். சிவப்பு விளக்கு வந்தது. பட்டனை அமுக்கினார். யாரோ ஒரு ஆள் சமையல் எண்ணெயைப் பற்றிக் கத்தினான். ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. கடைக்காரர் டார்ச்சைத் திரையோடு ஒட்டி வைத்துக் காட்டினார். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மங்கலாக உருவங்கள் அசைந்தன.

"படம் இருக்குக்கா. உள்ள எரியிற பல்பு வரிசை போயிருச்சு. அதான் தெரியல."

"அதையும் அவன்தான் கழட்டினானா?"

"இல்ல இல்ல. இது தானாப் போறதுதான். எல்லாத்தையும் அவரு தலையில போடாதீங்க. பல்பு மதுரையில இருந்து வரணும். வச்சுட்டுப் போங்க, வந்ததும் மாத்தித் தாரேன்."

"சத்தம் வருதுல்ல?"

"சத்தம் நல்லா வருது."

"அப்ப நான் எடுத்துட்டுப் போறேன். பல்பு வந்ததும் சொல்லுங்க."

"படம் இல்லாத டிவிய வச்சு என்னக்கா செய்வீங்க? சத்தந்தான் வேணும்னா ஒரு ரேடியோ வாங்கிருங்க."

"எனக்கு இந்தச் சத்தந்தான் வேணும்."

பின்மூடியைப் போட்டு, ஸ்க்ரூக்களை முடுக்கி, போர்வையை அவரே சுற்றிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் டிவியைச் சுவரில் மாட்டினேன். ஆட்டோக்காரன்தான் உதவி செய்தான். அவன் போன பிறகு போட்டேன். கறுப்புத் திரை பேசியது. என் வீட்டுக்காரர் வைக்கிற அளவுக்கு ஏற்றினேன். பிறகு அதற்கு மேலும் ஏற்றினேன். அந்தப் பக்கத்து டிவி நின்றது. கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் வாசலில் நின்றான்.

"என்ன மதினி, புதுசு வாங்கிட்டீங்களா?"

"பழசுதான். போர்டுக்கு ஒண்ணுமில்லையாம்." மேஜைமேல் எடுத்து வைத்திருந்த டேப்பைக் காட்டினேன். "இது யாரு சுத்துனது?"

பார்த்தான். எடுத்து நுனியைத் தடவினான்.

"நான் ஒடைக்கலயே மதினி. எடுத்துத்தானே வச்சேன். வருசம் முடிஞ்சதும் நானே மாட்டியிருப்பேன்."

"அப்ப போர்டு போச்சுன்னு சொன்னது?"

"நேராச் சொன்னா நீங்க கேப்பீங்களா? தெருவுல அம்புட்டுப் பேச்சு. அண்ணன் போன துக்கமே இல்லாம டிவி பாக்குதுன்னு. அண்ணனுக்குத்தானே அசிங்கம். ஒங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"ஒனக்கும் அண்ணன்தானே அவரு? ஒன் வீட்டுல எப்புடி ஓடுது?"

"பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் வேணும் மதினி."

"மாமியாக்காரி மருமகளுக்கு விசம் வைக்கிறது கார்ட்டூனா?"

அவன் முகம் மாறியது. சிரிப்புமாதிரி ஒன்று வந்தது. "மதினி, செவுத்துல காது வச்சா கேட்டீங்க?"

இத்தனை நாளில் எனக்கு அவமானமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். பிறகு அதுவும் போய்விட்டது.

"ஆமா, கேட்டேன். நீ என் டிவிய அமுத்துன நாள்ல இருந்து தெனமும் கேட்டேன். போயி ஒன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லு."

"சரி மதினி. விட்டுருங்க. வெளிய தெரிய வேணாம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

வெளியே தெரிய வேண்டாமாம். என் துக்கம் போதுமா போதாதா என்பது தெரு முழுக்கத் தெரியலாம். மன்றாட்டில்கூடச் சொல்லலாம். என் டிவியை நிறுத்தி வைத்தவன் யார் என்பது மட்டும் தெரியக்கூடாது. பங்கில் அவனுக்கு என்ன பேர் தெரியுமா? அண்ணன் பெண்டாட்டியைத் தாயைப்போலப் பார்த்துக்கொள்கிறவன். பங்குச் சாமியாரே என்னிடம் சொன்னார், "ஒங்க கொழுந்தன் மாதிரி கிடைக்கணும்மா" என்று. நானும் தலையை ஆட்டினேன். அப்போது எனக்குத் தெரியாது.

தம்பி, இனி உன்னிடமே சொல்கிறேன்.

அடுத்த அன்பியக் கூட்டம் என் வீட்டு முறை. தெருவே வந்து என் கூடத்தில் உட்காரும். நடத்தப்போகிறவன் நீ. பாட்டு முடியும், வாசகம் முடியும், மன்றாட்டு நேரம் வரும். அப்போது கண்ணை மூடாதே. திறந்து வைத்துக்கொண்டு எழுந்து நின்று பதில் சொல். நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்குள் வந்து அந்த ஒயரைக் கழற்றியது நீதானா இல்லையா? உன்னிடம் வந்து பேசினவர்கள் யார் யார்? பேரைச் சொல். அவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் வாயிலிருந்தும் கேட்போம். அப்படி யாருமே பேசவில்லை என்றால் அதையும் சொல். உன் அண்ணன் செத்ததற்கு நீ எதை நிறுத்தினாய் என்று சொல். புருஷன் போன ஒருத்தி, கதவைச் சாத்திய தன் வீட்டுக்குள் எவ்வளவு சத்தத்தோடு இருக்கலாம் என்று அளந்து கொடுக்க உன்னை யார் நியமித்தது? சாமியாரா, தெருவா, நீயேவா?

கடைசி வரிசையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொல். டீயும் சுண்டலும் அதற்குப் பிறகுதான்.